ஸ்டாக் கணக்கா, சேல்ஸ் கணக்கா? - தமிழ் ஆராய்ச்சி பற்றி ஒரு பி.காம். புலம்பல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் தமிழ் இலக்கியம் படிக்கிறவன் இல்லை. பி.காம். டெபிட், கிரெடிட், டேலி, ஜி.எஸ்.டி., இவைதான் என் தட்டுமுட்டுச் சாமான்கள். "உனக்கு ஏன்டா இந்த வேலை?" என்று கேட்க நினைக்கிறவர்கள் தயவுசெய்து வரிசையில் வரவும் :-)

தஞ்சாவூரிலிருந்து திருச்சி பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் தமிழ்ப் பல்கலைக்கழகம் வரும். வந்ததும் எங்கள் செட்டில் ஒருத்தன் கட்டாயம் ஆரம்பிப்பான். "இவ்வளவு எடத்த வச்சுக்கிட்டு உள்ள என்னதான் மாப்ள பண்றாங்க? தமிழ்ல ரிசர்ச் பண்ணி என்ன ஆவப் போவுது? ஆர்.ஓ.ஐ. என்ன?" எல்லோரும் சிரிப்போம். தொடங்கியபோது அந்த வளாகத்துக்குக் கிடைத்த இடம் கிட்டத்தட்ட ஆயிரம் ஏக்கர். எங்கள் ஊர்க் கணக்கில் 150 வேலி. அந்தக் காலத்து மிராசுதார்களே கொஞ்சம் பொறாமைப்படுகிற அளவு.

இது ஒரு கட்சி. இன்னொன்று மேடைக் கட்சி. ஃபிளக்ஸ், குத்துவிளக்கு, பொன்னாடை, "உலகின் மூத்த மொழி", இத்தனை முனைவர் பட்டம், இத்தனை கருத்தரங்கு, இத்தனை நூல் வெளியீடு, பலத்த கைதட்டல், மதியம் சாம்பார் சாதம், சாயங்காலம் வேன். இவர்களிடம் போய் "சார், அந்தப் புத்தகத்தை யார் படிச்சாங்க?" என்று கேட்டால் தமிழ்த் துரோகி ஆகிவிடுவோம்.

இந்தப் பதிவு இரண்டு கட்சிக்கும் எதிரானது. சில பேர் நட்பு போனாலும் பரவாயில்லை.

முதலில் நம்ம ஆர்.ஓ.ஐ. மாப்பிள்ளைக்கு.

காவிரியில் நமக்கு எவ்வளவு தண்ணீர் என்று எது முடிவு செய்கிறது? மழை பாதி. மீதி பழைய காகிதம். 1892இல் ஒன்று, 1924இல் ஒன்று என்று சென்னை மாகாணமும் மைசூரும் போட்ட ஒப்பந்தங்கள்தான் இன்றுவரை சண்டையின் அஸ்திவாரம். நடுவர் மன்றம் 2007இல் நமக்கு 419 டி.எம்.சி. என்றது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் அதை 404.25 ஆக்கியது. அந்த வழக்கு முழுக்க என்ன நடந்தது? பழைய கடிதம், பழைய பாசனப் பரப்பு, பழைய கணக்கு, எவன் எப்போது எவ்வளவு நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சினான் என்கிற ஆவணம். ஜூன் 12இல் மேட்டூர் திறக்குமா என்று வருஷா வருஷம் நகம் கடிக்கிற ஊரில் பிறந்துவிட்டு, "பழைய காகிதத்தைப் படிச்சு என்ன ஆவப் போவுது" என்று கேட்கிறவனை என்ன செய்வது?

இன்னொன்று. தஞ்சாவூர் ஓவியம், தஞ்சாவூர் வீணை, நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம் எல்லாவற்றுக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. பிசினஸ் லா பேப்பரில் 1999ஆம் வருஷச் சட்டம் என்று மனப்பாடம் செய்திருப்போம், இரண்டு மார்க் கேள்வி. அந்த விண்ணப்பத்தில் என்ன கேட்கிறார்கள் என்று யாராவது பார்த்தீர்களா? அந்தப் பொருள் அந்த ஊரில்தான் தோன்றி வளர்ந்தது என்பதற்கு வரலாற்றுச் சான்று கேட்கிறார்கள். அந்தச் சான்றை எவனாவது அரண்மனைக் கணக்கிலோ சுவடியிலோ தேடி எடுத்து அச்சில் போட்டிருக்க வேண்டும். மார்க்கெட்டிங்காரனுக்கு மூலப்பொருள் சப்ளை செய்கிறவன் அந்த ஜிப்பா போட்ட ஆராய்ச்சியாளன்.

சரி, இது வெறும் பணக்கணக்கு. எனக்குச் சூடு கிளப்புகிற விஷயம் வேறு. நம்ம சப்ஜெக்டே அங்கேதான் இருக்கிறது என்பது.

ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங் புத்தகத்தைத் திறந்தால் முதல் பாடத்திலேயே லூகா பாச்சியோலி, இத்தாலி, 1494. நல்லது. நமக்குப் பெரிய கோயில் என்றால் செல்ஃபி எடுக்கிற இடம், நிழல் தரையில் விழாத கோபுரம். (விழும். சாயங்காலம் நாலு மணிக்குப் போய் நீங்களே பாருங்கள். இந்தக் கதையைச் சொல்கிற வெளியூர்க்காரனை மன்னிக்கலாம், உள்ளூர்க்காரனை மன்னிக்கக் கூடாது.) அந்தக் கோயில் சுவரில் பொறித்திருப்பது பெரும்பாலும் பாட்டோ தத்துவமோ இல்லை. கணக்கு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி எழுதின லெட்ஜர்.

ஒரு பகுதி பே ரோல். தளிச்சேரிப் பெண்டுகள் என்று 400 பேர். வெவ்வேறு ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சாவூருக்குக் கொண்டு வந்து குடியமர்த்தியவர்கள். ஒவ்வொருத்தர் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெரு, தெருவில் எந்தப் பக்கம், எத்தனையாவது வீடு, எல்லாம் கல்லில். ஆளுக்கு ஒரு பங்கு, ஒரு பங்குக்கு வருஷத்துக்கு நூறு கலம் நெல். ஆள் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ நெருங்கிய உறவினருக்கு அந்த வேலையும் பங்கும். உறவினருக்கு அந்தத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள இன்னொருவரை வைக்க வேண்டும். நாமினியும் இருக்கிறது, எலிஜிபிலிட்டியும் இருக்கிறது.

இன்னொரு பகுதி டெபாசிட். ராஜராஜனின் அக்கா குந்தவை கொடுத்த காசை ஊர்ச் சபைகளிடம் ஒப்படைக்கிறார்கள். ஒரு காசுக்கு வருஷத்துக்கு அரைக்கால் காசு வட்டி. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. அதாவது 12.5 சதவீதம். எந்த ஊர் எவ்வளவு வாங்கியது, வட்டியை எதற்குச் செலவு செய்ய வேண்டும் என்பதெல்லாம் எழுதியிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது விளக்குக் கணக்கு. ஒரு விளக்கு அணையாமல் எரிய வேண்டுமென்றால் 96 ஆடுகளை ஒரு இடையர் பொறுப்பில் விடுவார்கள். அவர் தினமும் ஒரு உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகும், கிழடாகும், குட்டி போடும். கணக்கில் மட்டும் என்றைக்கும் 96. இதற்குச் சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு பெயர் இருக்கிறது. சாவா மூவாப் பேராடு. சாகவும் சாகாது, மூப்பும் அடையாது. கோயிங் கன்சர்ன் கான்செப்ட்டுக்கு இதைவிட நல்ல பெயரை எந்தப் பாடப் புத்தகத்திலாவது பார்த்திருக்கிறீர்களா? அதை "தொடரும் நிறுவனக் கருத்து" என்று தமிழ்ப்படுத்தி எங்களைச் சாகடிக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. "ராஜராஜ சோழன் பாச்சியோலிக்கு 480 வருஷம் முன்னாடியே டபுள் என்ட்ரி கண்டுபிடித்தார், ஷேர் பண்ணுங்க" என்று இதை வாட்ஸப்பில் தள்ளிவிடாதீர்கள். அது டபுள் என்ட்ரி இல்லை. கொடை, பொறுப்பு, வருவாய், செலவு பற்றிய பொது அறிவிப்பு. யார் வேண்டுமானாலும் சுவரைப் பார்த்துக் கேள்வி கேட்கலாம் என்கிற ஏற்பாடு. எனக்கு அதுவே போதுமான ஆச்சரியம். மேலே பொய்ச் சர்க்கரை தூவத் தேவையில்லை.

இந்தச் சுவரைப் படித்துக் கொடுத்தது யார்? ஹுல்ட்ஷ் என்கிற ஜெர்மானியர் 1891 முதல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அச்சேற்றத் தொடங்கினார். பிறகு எத்தனையோ பேர். ஜப்பானியரான நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் இன்னொருவருமாகச் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களையெல்லாம் அடுக்கி 1978இல் மூன்று தொகுதிகள் கொண்டுவந்தார்கள். அந்தச் சுப்பராயலு பின்னால் நம்ம பஸ் ஜன்னலில் தெரிகிற அதே பல்கலைக்கழகத்தில் கல்வெட்டு, தொல்லியல் துறைக்குத் தலைவராக இருந்தவர். 1985இல் தொடங்கிய கொடுமணல் அகழாய்வும் அந்தத் துறையின் வேலைதான். நொய்யல் கரையில் மணி கோத்து, இரும்பு உருக்கி, பானை ஓட்டில் தமிழ் பிராமி எழுத்தில் பெயர் கீறி வைத்த சங்க காலத் தொழிற்பேட்டை அது. திருப்பூருக்கு வேலைக்குப் போகிற நம்ம பசங்க பாதிப் பேர் அதற்குக் கொஞ்ச தூரத்தில்தான் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார்கள்.

தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1981 செப்டம்பர் 15. முதல் துணைவேந்தர் வ.அய். சுப்பிரமணியம், மொழியியல்காரர். உயராய்வுக்கு என்றே ஆரம்பித்த இடம். ஆரம்ப வருஷங்களின் வேகத்தைப் பார்த்தால் இப்போதும் மூச்சு வாங்குகிறது. 1984இல் கே.எம். வேங்கடராமையா எழுதிய தஞ்சை மராட்டிய மன்னர் கால அரசியலும் சமுதாய வாழ்க்கையும். 1989இல் மோடி ஆவணங்களின் தமிழாக்கம், குறிப்புரையோடு.

மோடி என்றதும் அரசியல் என்று நினைத்து ஓடாதீர்கள் :-) அது மராத்தியை வேகமாக எழுதுகிற எழுத்து. பேனாவை எடுக்காமல் இழுத்துக்கொண்டே போவது. 1676 முதல் 1855 வரை தஞ்சாவூர் மராட்டியர் கையில் இருந்தது. அந்த அரண்மனையின் கணக்கு வழக்கெல்லாம் அந்த எழுத்தில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. 1799க்குப் பிறகு ஆட்சியைக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டுக் கோட்டைக்குள் இருந்த இரண்டாம் சரபோஜி என்ன செய்தார்? யாருக்குச் சம்பளம், எந்த வைத்தியருக்கு என்ன மருந்துச் செலவு, எந்தச் சத்திரத்துக்கு எவ்வளவு அரிசி, எந்தப் புத்தகத்துக்கு என்ன விலை என்று எழுதி வைத்தார். மராத்தியும் தெரிந்து, மோடியும் படிக்கத் தெரிந்து, தமிழிலும் எழுதத் தெரிந்த ஆட்கள் உட்கார்ந்து அதைத் தமிழாக்கியிருக்கிறார்கள். கேஷ் புக் மாப்ள. இருநூறு வருஷத்துக்கு முந்தைய நம்ம ஊர் கேஷ் புக். கீழராஜவீதியில் டீ குடித்துக்கொண்டே படிக்கலாம்.

ஆர்.ஓ.ஐ. கட்சிக்கு இதுவே போதும். இப்போது மேடைக் கட்சிக்கு வருகிறேன். இவர்கள் மேல்தான் கோபம் அதிகம்.

கணக்குப் படிக்கிறவனுக்கு முதல் செமஸ்டரிலேயே சொல்லிக் கொடுப்பது: குடோனில் கிடக்கிற சரக்கு ஸ்டாக், கஸ்டமர் கைக்குப் போனால்தான் சேல்ஸ். வருஷக் கடைசியில் ஸ்டாக்குக்கு மதிப்புப் போடும்போதும் வாங்கின விலை, விற்றால் கிடைக்கிற விலை, இரண்டில் எது குறைவோ அதைத்தான் எழுத வேண்டும். ஆசைக்கு எழுத முடியாது. ஆராய்ச்சிச் சாதனை என்று மேடையில் வாசிக்கிற பட்டியலைப் பாருங்கள். இத்தனை நூல் அச்சிட்டோம், இத்தனை பட்டம் கொடுத்தோம், இத்தனை கருத்தரங்கு நடத்தினோம். எல்லாம் ஸ்டாக். எத்தனை பேர் படித்தார்கள், அதை வைத்து எந்தப் பள்ளிக்கூடப் பாடம் மாறியது, எத்தனை பேர் புதிதாகக் கல்வெட்டு படிக்கக் கற்றார்கள் என்கிற சேல்ஸ் பக்கம் காலி.

இதைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் ஒன்றின் மேல் மட்டும் போடவில்லை. நாடு முழுக்க அளவுகோலே இப்படித்தான். 2010இல் யு.ஜி.சி. ஆசிரியர்களுக்கு ஏ.பி.ஐ. என்று மார்க் போட ஆரம்பித்தது. கட்டுரைக்கு இத்தனை, நூலுக்கு இத்தனை, கருத்தரங்கில் வாசித்தால் இத்தனை. அதற்கப்புறம் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். ஊருக்கு ஊர் பன்னாட்டுக் கருத்தரங்கம். எங்கள் தெருவில் எம்.ஏ. தமிழ் படித்த அக்கா ஒருவர் ஒரு கருத்தரங்கத்துக்கு (எந்தக் கல்லூரி என்று சொல்ல மாட்டேன்) பணம் கட்டி, பஸ் பிடித்துப் போய், ஐந்து நிமிஷம் வாசித்து, சர்ட்டிஃபிகேட்டும் தலையணை மாதிரி ஒரு கட்டுரைக் கோவையும் வாங்கி வந்தார். ஐ.எஸ்.பி.என். நம்பர் அழகாகப் போட்டிருந்தது. அவருடைய கட்டுரையில் இரண்டாம் பக்கம் அச்சில் விட்டுப் போயிருந்தது. இன்றுவரை அதை யாரும் கண்டுபிடித்து அவரிடம் கேட்கவில்லை. கேட்க யாராவது படித்திருக்க வேண்டுமே. மரக்கால் கோணலாக இருந்தால் நெல்லைத் திட்டி என்ன பயன்?

இங்கே ஒரு சின்ன டைவர்ஷன். எங்கள் தாத்தா கணக்குச் சொல்கிற விதம் தெரியுமா? நிலம் என்றால் மா. விளைச்சல் என்றால் மாவுக்கு இத்தனை மூட்டை. சிட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும், அதை அவர் பார்க்கவே மாட்டார். ஒரு மா என்றால் 33 சென்ட், இருபது மா ஒரு வேலி என்று மட்டும் எனக்குத் தெரியும். ஒருநாள் அவர் வாய்ப்பாடு மாதிரி முந்திரி, அரைக்காணி, காணி, அரைமா, மா என்று ஒப்பித்தார். எழுதிப் பார்த்தேன். முந்திரி 320இல் ஒன்று. காணி 80இல் ஒன்று. மா 20இல் ஒன்று. ஒரு மா நிலம் என்பது வேலியில் ஒரு மா பங்கு, அவ்வளவுதான்! மாவையும் காணியையும் கூட்டுங்கள்: 20இல் ஒன்று, 80இல் ஒன்று, கூட்டினால் 16இல் ஒன்று. அதற்குப் பெயர் மாகாணி. பெயரிலேயே கூட்டல் ஒளிந்திருக்கிறது.

இப்போது இதை ராஜராஜன் கல்வெட்டோடு சேர்த்துப் பாருங்கள். அவர் காலத்து நில அளவைக் கணக்கில் ஒரு வேலியின் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரைக்கும் பின்னம் போகிறது. "நம்ம முன்னோர்கள் மைக்ராஸ்கோப் வச்சு அளந்தாங்க" என்று உடனே ஃபார்வர்ட் வரும். கால்குலேட்டரை எடுங்கள். 320ஐ நான்கு முறை ஒன்றோடொன்று பெருக்கி, அதை 5ஆல் பெருக்குங்கள். அதே எண் வரும். முந்திரிக்குக் கீழே போனால் மறுபடி 320ஆல் வகுத்துக்கொண்டே போகிற முறை. இன்றைய வேலிக்கு அந்தப் பங்கு அரை சதுர மில்லிமீட்டர். ஒரு எள் உட்கார இடம் போதாது. அதைக் கோல் போட்டு யாரும் அளந்திருக்க முடியாது. இறையிலி நிலத்தைக் கழித்துப் பங்கு பிரிக்கும்போது கணக்கில் மிச்சம் விழுந்ததை விடாமல் எழுதியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பைசாவை ரவுண்ட் ஆஃப் செய்யாத ஆடிட்டர் :-)

தாத்தா வாயில் இருப்பதும் கோயில் சுவரில் இருப்பதும் ஒரே வாய்ப்பாடு. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எந்தப் பாடம்? எதுவும் இல்லை. பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்று இதையேதான் படித்தார்கள். மொழியும் கணக்கும் ஒரே சுவடியில். சரசுவதி மகால் நூலகம் 1998இல் கணக்கதிகாரத்தைப் பல சுவடிகளிலிருந்து தொகுத்துப் பதிப்பித்தது. பதிப்பாசிரியர் சத்தியபாமா காமேஸ்வரன். பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ணுவது அதில்தான் வருகிறது: காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்க வேண்டும். (பண்ருட்டிக்காரர்கள் யாராவது சோதித்துச் சொல்லவும்.) ஆனால் இந்தத் திண்ணைப் பள்ளிக் கணக்கு எப்படி ஊர் வாழ்க்கையோடு ஓடியது, கணக்குப் பிள்ளையும் வெட்டியானும் என்ன அளந்தார்கள் என்று விரிவாகத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் செந்தில் பாபு எழுதி ஆக்ஸ்ஃபோர்ட் 2022இல் போட்ட ஆங்கிலப் புத்தகத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. அவர் எழுதியதில் எனக்குச் சந்தோஷம்தான். நெல்லிலக்கத்தை நெல்லு விளைகிற ஊரில் இருக்கிறவன் இங்கிலீஷில் படிக்கிறான் என்பதில் கொஞ்சம் வெட்கம்.

"நெட்டில் எல்லாம் இருக்கே தம்பி" என்பார்கள். இருக்கிறது, பாதி. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 தொடங்கி வெளியிட்ட பேரகராதி இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது என்றால் காரணம், சிகாகோ பல்கலைக்கழகம் அதை எழுத்தெழுத்தாகத் தேடக் கூடிய வடிவில் இணையத்தில் வைத்தது. கொலோன் பல்கலைக்கழகமும் அந்த மாதிரி செய்தது. மதுரைத் திட்டம் 1998 பொங்கலுக்கு ஆரம்பித்தது. அதற்கு 150 வேலி வளாகம் இல்லை, துணைவேந்தர் இல்லை, பொன்னாடை இல்லை. சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் முன்னால் நிற்க, உலகம் முழுக்க ஆபீஸ் முடிந்து வந்தவர்கள் ராத்திரியில் உட்கார்ந்து தட்டச்சு செய்தார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் நிறைய இருக்கின்றன, பாராட்டத்தான் வேண்டும். ஆனால் பக்கத்தைப் படம் பிடித்துப் போட்ட புத்தகத்தில் ஒரு சொல்லைத் தேட முடியாது. 'உழக்கு' எங்கே வருகிறது என்று பார்க்க முழுப் புத்தகத்தையும் புரட்ட வேண்டும். கம்ப்யூட்டரில் இருக்கும் ஓலைச்சுவடி அது.

ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 2017இல் தமிழக அரசு பத்துக் கோடி கொடுத்தது. கொடுக்கட்டும், தப்பே இல்லை, நானும் அன்றைக்கு ஸ்டேட்டஸ் போட்டவன்தான். ஆனால் அந்தக் கைதட்டலில் பாதியாவது, இங்கே ஏற்கெனவே மக்கள் பணத்தில் செய்து முடித்த ஆராய்ச்சியைத் தேடிப் படிக்கும் எழுத்து வடிவில் இலவசமாகப் போடுவதற்குக் கிடைத்ததா? அரசுப் பல்கலைக்கழகத்தின் பழைய வெளியீடு ஒவ்வொன்றும் எங்கள் அப்பா கட்டின வரியில் அச்சானது. அதை விற்று லாபம் பார்க்கப் போகிறார்களா என்ன? ஆயிரம் பிரதி அச்சடித்து, தீர்ந்தால் "ஸ்டாக் இல்லை", தீராவிட்டால் கரையான். இரண்டுமே வாசகனுக்கு ஒன்றுதான்.

கட்டடம் என்றால் மட்டும் உடனே நடக்கும். 1995 ஜனவரியில் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு தஞ்சாவூரில் நடந்தது. நான் பிறப்பதற்கு முன்னால். அதன் அடையாளம் எது என்று கேட்டால் எங்கள் வீட்டில் ராஜராஜன் மணிமண்டபத்தைக் காட்டுவார்கள். அங்கே வாசித்த கட்டுரை ஒன்றைச் சொல்லச் சொன்னால் யாருக்கும் தெரியாது.

காசுக் கணக்கைவிட எனக்குப் பயமாக இருப்பது ஆள் கணக்கு. மெஷினுக்குத் தேய்மானம் போடலாம், வருஷத்துக்குப் பத்து சதவீதம், பத்து வருஷம் தாங்கும். மோடி படிக்கத் தெரிந்த ஒருவருக்கு எப்படித் தேய்மானம் போடுவீர்கள்? அவர் ரிட்டையர் ஆகிற நாள் வரை முழு மதிப்பு. மறுநாள் பூஜ்யம், அவர் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை என்றால். ஓலைச்சுவடிக்கு எலுமிச்சம்புல் எண்ணெய் தடவிக் காப்பாற்றலாம். அதைப் படிக்கிற கண்ணுக்கு என்ன தடவுவது? காலியான ஒரு பணியிடத்தை ஐந்து வருஷம் நிரப்பாமல் விட்டால் சம்பளம் மிச்சம் என்று ஃபைலில் எழுதலாம். அந்த ஐந்து வருஷத்தில் அவரிடம் உட்கார்ந்து கற்றிருக்க வேண்டிய இரண்டு பேர் பேங்க் எக்ஸாம் கோச்சிங்குக்குப் போயிருப்பார்கள். அந்தச் செலவு எந்த வவுச்சரிலும் வராது. சோழர்கள் ஆட்டுக்குக் கூட சாவா மூவா என்று ஏற்பாடு செய்தார்கள். நாம் அறிஞர்களுக்குச் செய்யவில்லை.

ஆக, சாதனைப் பட்டியல் வாசிக்கிறவர்களிடம் கேட்பது இதுதான். அடுத்த ஆண்டறிக்கையில் ஒரே ஒரு வரி சேருங்கள். இந்த வருஷம் புதிதாகக் கல்வெட்டு படிக்கக் கற்றவர் இத்தனை பேர், மோடி இத்தனை பேர், கிரந்தம் இத்தனை பேர், சுவடி இத்தனை பேர். எண்ணிக்கை ஒற்றை இலக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை, எழுதுங்கள். நஷ்டத்தைக் காட்டுகிற பேலன்ஸ் ஷீட்டுக்கும் ஒரு மரியாதை உண்டு.

மொழிப்பாடத்துக்கு வருகிறேன். பி.காம். படிக்கிறவனுக்கும் பார்ட் ஒன் தமிழ் உண்டு. செய்யுள், உரைநடை, இலக்கிய வரலாறு, சிற்றிலக்கிய வகைகள், வல்லினம் மிகும் இடம், மிகா இடம். எழுதினோம், பாஸானோம், மறந்தோம். தமிழ் வாத்தியார் நல்லவர், ஆனால் எதிரில் உட்கார்ந்திருக்கும் அறுபது பேருக்கும் பிடித்த ஒரே விஷயம் கணக்கு என்பதைப் பாடத்திட்டம் போட்டவர்கள் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. குந்தவையின் டெபாசிட் கல்வெட்டை ஒரு பாடமாக வையுங்கள். நூறு கலம் சம்பளப் பட்டியலில் பத்துப் பேரை வையுங்கள். கணக்கதிகாரத்தில் ஐந்து கணக்கு, மோடி ஆவணத் தமிழாக்கத்தில் ஒரு மாதச் செலவு. சோழர் காலத் தமிழ் எப்படி இருந்தது, மராட்டியர் காலத்தில் அது எப்படி மாறியது என்று மொழி வரலாறும் அதிலேயே வந்துவிடும். உரை எழுத ஆள் இங்கேயே இருக்கிறார்கள், திருச்சி ரோட்டில். கல்லூரிக்கும் அந்த வளாகத்துக்கும் நடுவில் டவுன் பஸ் ஓடுகிறது. பாடம் மட்டும் ஓடவில்லை.

நம்ம காமர்ஸ் துறை ரொம்ப யோக்கியம் என்று நினைக்க வேண்டாம். "ஹிஸ்டரி ஆஃப் அக்கவுண்டிங்" என்றால் இத்தாலியிலிருந்து நேரே சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்ஸ் இன்ஸ்டிட்யூட்டுக்குத் தாவுகிறோம். நடுவில் நம்ம ஊர்க் கணக்கப்பிள்ளை என்று ஒரு ஆள் இருந்ததே இல்லை. தமிழ்த் துறைக்காரர் காமர்ஸ் பிளாக் பக்கம் வர மாட்டார், நம்மவர் தமிழ்த் துறைப் பக்கம் முத்தமிழ் விழாவுக்குக் கூட எட்டிப் பார்க்க மாட்டார். கல்வெட்டைப் படிக்கத் தெரிந்தவருக்கு வட்டிக் கணக்கில் ஆர்வம் இல்லை, வட்டிக் கணக்கு தெரிந்தவனுக்குக் கல்வெட்டு படிக்கத் தெரியாது. நடுவில் அந்த 96 ஆடும் மேய்ந்துகொண்டிருக்கின்றன.

கடைசி செமஸ்டர் பிராஜெக்ட் தலைப்பு கேட்டு சர்க்குலர் வந்திருக்கிறது. வழக்கம்போல எங்கள் வகுப்பில் பாதிப் பேர் "தஞ்சாவூர் நகரில் இருசக்கர வாகன வாடிக்கையாளர் திருப்தி - ஓர் ஆய்வு" எழுதப் போகிறார்கள். சாம்பிள் நூறு, அதில் எண்பதை ஹாஸ்டலிலேயே உட்கார்ந்து நிரப்புவார்கள், சதவீதம் போட்டு பை சார்ட் வரைவார்கள். நான் வேறு ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்: மோடி ஆவணத் தமிழாக்கத்திலிருந்து சரபோஜி காலத்து ஒரு வருஷச் செலவை எடுத்துத் தலைப்பு வாரியாகப் பிரித்து லெட்ஜர் போடுவது. சத்திரம் ஒரு கணக்கு, வைத்தியம் ஒரு கணக்கு, புத்தகம் ஒரு கணக்கு. சேர்ந்து செய்ய இன்னும் இரண்டு பேர் வேண்டும். டேலி தெரிந்தால் போதும், மராத்தி தெரிய வேண்டாம். கைடாக இருக்க காமர்ஸிலிருந்து ஒருவரும் தமிழிலிருந்து ஒருவரும் ஒரே ஃபாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஃபாரத்தில் கைடுக்கு ஒரு கட்டம்தான் இருக்கிறது. இரண்டாவது பெயரை மார்ஜினில் எழுதிக்கொள்ளலாமா என்று நாளைக்கு ஆபீஸில் கேட்க வேண்டும்.